இசை விருது இரவுகள்: பாட்டுக்கு அங்கே என்ன வேலை?

2020 பிப்ரவரியில் ஃபிலிம்ஃபேர் விருதுகள் அறிவிக்கப்பட்ட மறுநாள் மும்பையில் எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. சிறந்த பாடலாசிரியர் விருது, ராப் பாடகன் ஒருவனைப் பற்றிய ‘கல்லி பாய்’ படத்தின் ‘அப்னா டைம் ஆயேகா’வுக்குப் போயிருந்தது. ‘கேசரி’ படத்துக்கு ‘தேரி மிட்டி’ எழுதிய மனோஜ் முந்தஷிர், உயிருள்ளவரை இனி எந்த விருது விழாவுக்கும் போவதில்லை என்று சமூக ஊடகத்தில் எழுதிவிட்டார். தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டுப் பக்கம் ராப் பாடித் திரியும் நம் தமிழ்ப் பையன்களுக்கு அந்த விருது வீட்டு விசேஷம் மாதிரி. மாட்டுங்கா மார்க்கெட்டில் காய் வாங்க வந்த மாமாக்களுக்கோ, “இதெல்லாம் ஒரு பாட்டு, இதுக்கு ஒரு அவார்டு!” இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது.

ஆனால் அந்தக் களேபரத்தில் பெரும்பாலோர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. 1954-ல் மும்பை மெட்ரோ தியேட்டரில் பிறந்த விழா, மும்பை சினிமாவுக்காகவே நடக்கிற விழா, அந்த வருஷம் ஏன் குவாஹாட்டியில் நடந்தது? காரணம் வெளிப்படையானது. அஸ்ஸாம் அரசு தன் சுற்றுலாத் துறைக்காக அதை வரவழைத்தது. 2024 ஜனவரியில் விழா காந்திநகர் போனது, 2025 அக்டோபரில் அகமதாபாத். இரண்டிலும் குஜராத் சுற்றுலாத் துறை கூட்டாளி. இந்திப் படங்களுக்கான இன்னொரு விருதான ஐஃபா விழா 2000-ல் லண்டனில் தொடங்கியதிலிருந்தே ஊர் ஊராகப் போய் நடப்பதுதான் அதன் தொழில். 2014-ல் அமெரிக்காவின் டாம்பா, 2022 முதல் மூன்று வருஷம் தொடர்ந்து அபுதாபி, 2025-ல் வெள்ளி விழாவுக்கு ஜெய்ப்பூர். அந்த ஜெய்ப்பூர் விழாவில் தன் பெயர் பரிந்துரைப் பட்டியலிலேயே இல்லை என்பதைப் பார்த்த சோனு நிகம், ராஜஸ்தான் அதிகார வர்க்கத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று ஒரு வரியில் குத்திவிட்டுப் போனார். அவர் சொன்னது சரியா தவறா என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. ஒரு பாடகர் தன் பாட்டு விடுபட்டதற்கு ஒரு மாநில அதிகார வர்க்கத்தை நோக்கிக் கை நீட்டுகிறார் என்றால், அந்த விழாவின் பணம் எங்கிருந்து வருகிறது என்பது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இந்த விழாக்கள் எனக்குப் பிடிக்காது. தப்பான ஆளுக்கு விருது போகிறது என்பதாலல்ல. சரியான ஆளுக்குப் போனாலும் பிடிக்காது. நாம் இவற்றை ஏதோ ஒரு நீதிமன்றம் மாதிரி நினைத்துக்கொண்டு தீர்ப்பை எதிர்த்துக் கத்துகிறோம். நடப்பதோ ஒரு டிவி நிகழ்ச்சி. ஸ்பான்சருக்கும் சேனலுக்கும் சுற்றுலாத் துறைக்கும் விற்கப்படுகிற மூன்று மணி நேரம். அதைக் கட்டிக் கொடுக்க ஒரு சாக்கு வேண்டும், விருது அந்தச் சாக்கு. நம் சண்டையும் சரக்கில் சேர்த்திதான். மறுநாள் முழுக்க அந்தப் பெயரை நாம்தான் இலவசமாகச் சுமந்து திரிகிறோம்.

விழா உள்ளிருந்து எப்படி இருக்கும் என்று ஆன்டாப் ஹில்லில் இருக்கும் தெரிந்த தம்பி ஒருவன் சொல்வான். கல்லூரியில் படிக்கிறான். பூர்வீகம் திருநெல்வேலி. கைச்செலவுக்கு ‘ஆடியன்ஸ்’ வேலைக்குப் போவான். கோஆர்டினேட்டரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வரும்: கோரேகாவ், மதியம் இரண்டு மணிக்கு ரிப்போர்ட்டிங், நல்ல ஷூ, டீ ஷர்ட் கூடாது, பெண்கள் பார்ட்டி டிரஸ். போனதும் மொபைலை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நட்சத்திரங்கள் வருவதற்கு வெகுநேரம் முன்பே, காலி மேடையைப் பார்த்துக்கொண்டு இவர்கள் கை தட்ட வேண்டும். ஃப்ளோர் மேனேஜர் மைக்கில் சொல்வார்: இப்போது சிரியுங்கள், இப்போது எழுந்து நின்று தட்டுங்கள், இப்போது கண் கலங்குகிற மாதிரி. எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வார்கள். நடுவில் ஏதாவது நட்சத்திரம் எழுந்து போனால் அந்த நாற்காலியில் இவனைப் போல ஒருவன் ஓடிப்போய் உட்கார வேண்டும். காமிராவில் காலி சீட் தெரியக்கூடாது.

“பாட்டெல்லாம் எப்படி இருந்துச்சு?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“அண்ணே, பாட்டைக் கேக்கவா அங்க கூட்டிட்டுப் போறாங்க? ஒரு டான்ஸை மூணு தடவ எடுத்தாங்க. மூணு தடவையும் மொத தடவ பாக்குற மாதிரி வாயைப் பொளக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு பஸ். சம்பளம் அடுத்த மாசம்.”

பாட்டைக் கேட்க யாரையும் கூட்டிப்போவதில்லை என்பது மேடைக்கும் பொருந்தும். பாட்டு பெரும்பாலும் ட்ராக்கில் ஓடும், நடிகர் ஆடுவார். பாடகரே மேடைக்கு வந்தாலும் பல நேரம் பின்னணி இசை முழுக்கப் பதிவு செய்தது, மேலே குரல் மட்டும் நேரடி. சில சமயம் அதுவும் சந்தேகம். வயலின்காரர்களும் தாளவாத்தியக்காரர்களும் காமிராவுக்காகக் கையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். இதில் ஏமாற்று என்று பெரிதாக ஒன்றும் இல்லை, டிவிக்கு ஒலி சுத்தமாக வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இசைக்கு விருது கொடுக்கிற இரவில் கடைசியில் கவனிக்கப்படுகிற விஷயம் வாசிப்பு என்பதை எப்படி ஜீரணிப்பது?

அப்புறம் வெட்டு. ஐந்தாறு மணி நேரம் நடந்தது டிவிக்கு மூன்று மணி நேரமாகச் சுருங்கி, பல நாள் கழித்துத்தான் வரும். முதலில் போவது தொழில்நுட்ப விருதுகள். பல விழாக்களில் அவற்றைப் பிரதான இரவுக்கே கொண்டுவருவதில்லை. ஐஃபாவில் பல வருஷம் அதற்கென்று தனியாக ஓர் இரவு இருந்தது. 2024 காந்திநகர் ஃபிலிம்ஃபேரில் ஒலி வடிவமைப்புக்கும் பின்னணி இசைக்கும் உரிய விருதுகளை முதல் நாளே கொடுத்து முடித்துவிட்டார்கள். ‘அனிமல்’ படத்துக்குப் பின்னணி இசை அமைத்த ஹர்ஷவர்தன் ராமேஷ்வருக்கு அங்கேதான் கிடைத்தது. அதே படத்தின் பாடல்களுக்கான விருது மறுநாள் பெரிய மேடையில். அந்தப் பாடல்களுக்கு இசையமைத்தவர்கள் ஒருவர் இருவரல்ல, அரை டஜனுக்கும் மேலே. ஆளுக்கு ஒரு பாட்டு போட்டிருக்கிறார்கள், எல்லோருக்கும் சேர்த்து ‘சிறந்த இசை’. ஒரு படத்தின் இசை ஒருவர் தலையில் உருவாகி, முதல் காட்சியிலிருந்து கடைசி வரை ஒரே கையெழுத்தாக ஓடுவது என்ற பழக்கம் இந்தி சினிமாவில் அருகிப்போய் வெகுகாலமாகிறது. கம்பெனிகள் பாட்டுகளைத் தனித்தனியாக வாங்கிப் படத்தில் சேர்க்கின்றன. விருதின் பெயர் மட்டும் நௌஷாத் காலத்துப் பெயராகவே நிற்கிறது.

நௌஷாத் பெயரைச் சொல்ல ஒரு காரணம், முதல் ஃபிலிம்ஃபேர் இசை விருது அவருக்குத்தான், ‘பைஜு பாவ்ரா’வுக்காக. அன்று மொத்தமே ஐந்து விருதுகள். தேர்ந்தெடுத்தது ஃபிலிம்ஃபேர் பத்திரிகையின் வாசகர்கள், தபாலில் ஓட்டுப் போட்டு. ஐந்தில் ஒன்று இசைக்கு என்பது சாதாரண மரியாதை இல்லை. ஆனால் அந்த மரியாதை இசையமைப்பாளரோடு நின்றுவிட்டது. பாடியவருக்கும் எழுதியவருக்கும் எதுவும் இல்லை.

1957-ல் லதா மங்கேஷ்கர் இதைப் பிடித்துக்கொண்டார். ‘சோரி சோரி’க்காக சங்கர் ஜெய்கிஷனுக்கு விருது. மேடையில் ‘ரசிக் பல்மா’ பாடித் தரும்படி லதாவிடம் கேட்டார்கள். அவர் முடியாது என்றுவிட்டார். விருது மெட்டுக்குத்தானே, குரலுக்கும் வரிகளுக்கும் இல்லையே, மெட்டை மட்டும் வாத்தியத்தில் வாசித்துக்கொள்ளுங்கள் என்பது அவர் வாதம். ஃபிலிம்ஃபேர் இறங்கி வந்தது. 1959-ல் பின்னணிப் பாடகர் விருது பிறந்தது, முதல் விருது லதாவுக்கே, ‘மதுமதி’யின் ‘ஆஜா ரே பர்தேசி’க்கு. அப்போதும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து ஒரே விருதுதான். முகமது ரஃபியும் ஆஷா போன்ஸ்லேயும் ஒரே வரிசையில் நின்று போட்டி போட வேண்டியிருந்தது. பிரித்துக் கொடுக்க மேலும் பல வருஷம் ஆனது. 1970 வாக்கில் லதா, எனக்கு வேண்டாம், புதியவர்களுக்குக் கொடுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டார். அவர் ஒருவர் பாட மறுத்த அந்த இரவுதான் பாடகர் விருது பிறக்கக் காரணம் என்பதை எந்தத் தொகுப்பாளரும் மேடையில் நினைவுபடுத்திக் கேட்டதில்லை நான்.

அடுத்தது 1973. ‘பாகீஸா’வின் இசையமைப்பாளர் குலாம் முகமது, படம் வெளிவருவதற்கு முன்பே, 1968-ல் இறந்துவிட்டார். அந்தப் பாட்டுகளை இன்றும் ஊரே பாடுகிறது. விருது ‘பே-இமான்’ படத்துக்காக சங்கர் ஜெய்கிஷனுக்குப் போனது. அதே ‘பே-இமான்’ படத்தில் நடித்த பிராணுக்குத் துணை நடிகர் விருது. குலாம் முகமதுவுக்குக் கொடுக்காத மேடையில் எனக்கும் வேண்டாம் என்று அவர் திருப்பிவிட்டார். தன் படத்துக்குக் கிடைத்த இசை விருதை எதிர்த்துத் தன் விருதை விட்ட மனிதர்! ரிஷி கபூர் 2017-ல் வெளிவந்த சுயசரிதையில், ‘பாபி’ வெளியான காலத்தில் சிறந்த நடிகர் விருதுக்காகத் தானே 30,000 ரூபாய் கொடுத்ததை மறைக்காமல் எழுதிவிட்டார். ஆக எழுபதுகளிலேயே நடந்த கதை. டிவி வந்துதான் எல்லாம் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. டிவி அதைப் பெரிதாக்கியது, முறைப்படுத்தியது, ரசீது போட்டுச் செய்யக் கற்றுக்கொடுத்தது.

ஆர்.டி. பர்மன் கணக்கும் அப்படித்தான். எழுபதுகளை ஒரு கையால் தூக்கி நிறுத்திய மனிதருக்கு எழுபதுகளில் ஒரு ஃபிலிம்ஃபேர் இசை விருது கிடையாது. 1983-லும் 1984-லும் கிடைத்தது. மூன்றாவது 1995-ல், ‘1942: எ லவ் ஸ்டோரி’க்கு, அவர் இறந்து ஒரு வருஷம் கழித்து. அரசு கொடுக்கிற தேசிய விருது வேறு கணக்கு. நம் பாடகர் ஹரிஹரன், மும்பையிலேயே வளர்ந்தவர், ‘பார்டர்’ பாட்டுக்கும் ‘ஜோக்வா’ என்ற மராத்திப் படப் பாட்டுக்கும் இரண்டு தேசிய விருது வாங்கினார்.

அரசு விருது என்றால் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. தேசியத் திரைப்பட விருதில் இசைக்கான முதல் விருது 1967-ம் வருஷத்துக்கு கே.வி. மகாதேவனுக்கு, ‘கந்தன் கருணை’க்காக. அடுத்த வருஷமே பாடலாசிரியருக்கு கண்ணதாசன், பாடகிக்கு பி. சுசீலா. தமிழ் அங்கே முதல் வரிசையில் உட்கார்ந்துதான் தொடங்கியது. அப்படியும் எம்.எஸ். விஸ்வநாதனுக்குக் கடைசிவரை ஒரு தேசிய விருது இல்லை, ஒரு பத்ம விருதும் இல்லை. செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி பக்கம் யாரிடமாவது விருதுப் பேச்சை எடுத்துப் பாருங்கள், இரண்டாவது நிமிஷத்தில் எம்.எஸ்.வி. வந்துவிடுவார். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தேசிய விருதின் நடுவர்கள் யார் என்று பெயர் போட்டுச் சொல்கிறார்கள். திட்ட வேண்டுமானால் ஆளைத் தெரிந்து திட்டலாம்.

சரி, வெளிநாட்டு விருதுக்கு வருவோம். கிராமி என்றதும் நம் செய்தி ஊடகங்களுக்குக் கால் தரையில் பாவுவதில்லை. 2024 பிப்ரவரியில் ‘சக்தி’ குழுவின் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்துக்கு விருது. அதில் செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவன், விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ், வயலின் கணேஷ் ராஜகோபாலன், ஜாகிர் ஹுசேன், ஜான் மெக்லாஃப்லின். நல்ல ஆல்பம், சந்தோஷமான செய்தி. மும்பைத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் அன்று இட்லிக்கு முன்பே வாழ்த்து வந்துவிட்டது. ஆனால் அமெரிக்க டிவியில் அந்தக் காட்சியை எத்தனை பேர் பார்த்தார்கள்? கிராமியில் அந்த வருஷம் 94 பிரிவுகள். பிரைம் டைம் ஒளிபரப்பில் வருவது அதில் பத்துப் பன்னிரண்டு. மீதி அத்தனையும் அன்று மதியமே ஒரு தனி நிகழ்ச்சியில் கொடுத்து முடித்துவிடுவார்கள், இணையத்தில் பார்க்கலாம். சக்திக்கு விருது கிடைத்த ‘குளோபல் மியூசிக்’ என்ற பிரிவு அந்த மதிய வரிசையில்தான். 1992-ல் செல்வகணேஷின் அப்பா விக்கு விநாயக்ராம் கடம் வாசித்த ‘பிளானட் ட்ரம்’ ஆல்பத்துக்குக் கிடைத்தபோது அந்தப் பிரிவுக்கு ‘வேர்ல்ட் மியூசிக்’ என்று பெயர். அது மாறிவிட்டது, மதியம் மாறவில்லை.

இதைவிட எரிச்சலான விஷயம் ‘கிராமி பரிசீலனையில்’ என்று வருகிற செய்திகள். கிராமியின் நடைமுறை இது: அந்த விருதைக் கொடுக்கிற ரெகார்டிங் அகாடமியின் உறுப்பினரோ பதிவு பெற்ற இசைக் கம்பெனியோ ஒரு பதிவை அனுப்பலாம். விதிப்படி தகுதி இருந்தால் அது முதல் சுற்று ஓட்டுக்கான பட்டியலில் சேரும். அந்தப் பட்டியல் ஆயிரக்கணக்கில் நீளும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு அதிலிருந்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கைப்பிடி பெயர்களைப் பொறுக்கி எடுப்பார்கள். அதுதான் பரிந்துரை. பரிசீலனையில் இருப்பது என்றால் விண்ணப்பம் போட்டாயிற்று என்று மட்டும்தான் பொருள். நம் ஊரில் அதற்கே போஸ்டர், அதற்கே பேட்டி, அதற்கே பொன்னாடை. ஆஸ்கரின் தகுதிப் பட்டியலில் பாட்டு வந்தால் ‘ஆஸ்கர் ரேஸில் தமிழ்ப் பாட்டு’ என்று தலைப்புப் போடுவதும் இதே வகைதான்.

கிராமியின் உள்வீடும் ஒழுங்கில்லை. 2020 நவம்பரில் தி வீக்எண்ட் என்ற பாடகரின் ஆல்பம் ஒரு பிரிவில்கூடப் பரிந்துரை பெறவில்லை. அந்த வருஷம் உலகமே கேட்ட பாட்டு அவருடையது. ரகசியக் குழுக்கள் உட்கார்ந்து இறுதிப் பட்டியலைத் தீர்மானிக்கின்றன என்ற பழைய புகார் அப்போது வெடித்தது. 2021-ல் பெரும்பாலான அந்தக் குழுக்களைக் கலைத்தார்கள். அதே வருஷம் அமெரிக்காவில் விழாவைப் பார்த்தவர்கள் சுமார் 88 லட்சம் பேர். முந்தைய வருஷம் 1 கோடியே 87 லட்சம். பிறகு ஓரளவு மீண்டுவிட்டது என்றாலும், அங்கேயும் விழாவின் உயிர் ரேட்டிங்கில்தான் ஊசலாடுகிறது. குறைந்தபட்சம் அங்கே ஓட்டுப் போடுபவர்கள் தொழில்முறை இசைக்காரர்கள், விதிமுறை அச்சில் இருக்கிறது. இங்கே பல தனியார் விழாக்களில் அதுவும் இல்லை. ‘வருகிறேன் என்று சொன்னால் ட்ராஃபி, வரமாட்டேன் என்றால் வேறு ஆள்’ என்பது அந்தேரி காபிக் கடைகளில் சாதாரணமாகக் காதில் விழுகிற பேச்சு. யாரும் கோபமாகச் சொல்வதில்லை, பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொல்கிறார்கள். 1969 முதல் மத்திய அரசு கொடுக்கும் தாதாசாகேப் பால்கே விருதின் பெயரை ஒட்டியே மும்பையில் தனியார் விருதுகளும் உண்டு. செய்தியை அவசரமாகப் படிக்கிறவருக்கு எது எது என்று பிரிக்கத் தெரியாது. (நம் சங்கங்கள் மட்டும் யோக்கியமா? ஆண்டுவிழாவில் நன்கொடை கொடுத்தவருக்கெல்லாம் ஏதாவது ஒரு ‘செம்மல்’ பட்டம் கொடுத்து சால்வை போடுவது நமக்கும் கைவந்த கலைதானே.)

விருதால் பயனே இல்லையா என்றால், உண்டு. ஊர் பேர் தெரியாமல் கோரஸ் பாடிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு ஒரு ட்ராஃபி கிடைத்தால் அடுத்த மாதம் கச்சேரிக் கூலி ஏறும். கல்யாண ரிசப்ஷனிலிருந்து காலேஜ் ஃபெஸ்ட் வரை போஸ்டரில் ‘விருது பெற்ற’ என்று போடலாம். வீட்டு ஓனரிடம்கூட அதற்கு ஒரு மதிப்பு. அதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் இசைக்காரர்களிடம் தனியாகப் பேசிப் பாருங்கள், அவர்கள் கேட்பது வேறு. பெயர் போடு, பணம் கொடு.

2012-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்குமுன் பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் ஒருமுறை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் அத்தோடு சரி. கம்பெனி ஐம்பது வருஷம் சம்பாதிக்கும். மாநிலங்களவையில் ஜாவேத் அக்தர் நின்று வாதாடிய அந்தத் திருத்தத்துக்குப் பிறகு, ராயல்ட்டி பெறும் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. பணத்தை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கிற ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தின் அலுவலகம் இதே மும்பையில், அந்தேரியில்தான் இருக்கிறது. பழைய சண்டைகளெல்லாம் தீர்ந்து 2017-ல்தான் அது புதிய சட்டப்படி மறுபதிவு பெற்றது. பாடகர்களுக்கென்று தனியாக இன்னொரு சங்கம், இஸ்ரா, 2013 முதல். ஹோட்டலிலும் ரேடியோவிலும் பாட்டு ஒலித்தால் பாடியவருக்கும் பங்கு வேண்டும் என்று அவர்கள் கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்கியதை எந்த சேனலும் ரெட் கார்ப்பெட் போட்டு ஒளிபரப்பவில்லை. 2020-ல் இந்திப் பாடலாசிரியர்கள் பலர் சேர்ந்து, எங்கள் பெயரைப் போடுங்களப்பா என்று கெஞ்சி ஒரு பாட்டே பாடி இணையத்தில் விட்டார்கள். ஆப்பில் பாட்டைத் தட்டினால் நடிகர் படம் வருகிறது, பாடகர் பெயர் வருகிறது, எழுதியவர் பெயர் எங்கோ மூன்றாவது திரையில், அல்லது எங்கேயும் இல்லை. சிறந்த பாடலாசிரியர் விருதுக்காக ஊரே சண்டை போட்டதும் அதே 2020-ல்தான்.

எனக்கு ஒரு சின்ன ஆசை. ஏதாவது ஒரு விழா, ஒரே ஒரு வருஷம், நடுவர்கள் யார், ஓட்டு எத்தனை, எந்த அரசும் ஸ்பான்சராக வருகிற எந்த ஏலக்காய் கம்பெனியும் எவ்வளவு கொடுத்தது என்ற மூன்றையும் விழா முடிந்த மறுநாள் தன் இணையதளத்தில் போடட்டும். அந்த வருஷம் ரெட் கார்ப்பெட்டில் முதல் கார் வந்து நிற்பதிலிருந்து, விளம்பர இடைவேளையில்கூட எழுந்திருக்காமல், நான் உட்கார்ந்து பார்க்கத் தயார்.